ஃபோட்டோஷாப் பிரஷ் செட்டிங்ஸ்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஒபாசிட்டியும் ஃப்ளோவும் ஒன்றுதானே? எதைக் குறைத்தாலும் நிறம் வெளிறத்தானே செய்கிறது, எதற்கு இரண்டு?

ஒன்று இல்லை. முதலில் பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் இழுப்பது கோடு மாதிரி தெரிந்தாலும், மென்பொருள் அந்த வழி நெடுக ஒரே முத்திரையை நெருக்கி நெருக்கிக் குத்திக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். ஃப்ளோ என்பது ஒவ்வொரு குத்தலிலும் எவ்வளவு நிறம் விழுகிறது என்பது. ஒபாசிட்டி என்பது கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போகக்கூடிய உச்ச வரம்பு.

ஃப்ளோ 20%, ஒபாசிட்டி 100% என்று வையுங்கள். முதல் குத்தலில் 20%, அதன் மேலேயே இரண்டாவது விழுந்தால் 36%, மூன்றாவதில் கிட்டத்தட்ட 49%, இப்படி ஏறிக்கொண்டே போகும். அதே இடத்தில் முன்னும் பின்னும் தேய்த்தால் முழு நிறமும் வந்துவிடும். இப்போது மாற்றி, ஒபாசிட்டி 50%, ஃப்ளோ 100%. கையை எடுக்காமல் எத்தனை முறை தேய்த்தாலும் 50% தாண்டாது. கையை எடுத்து மறுபடி வைத்தால்தான் 75% ஆகும்.

சீரான, ஒரே அடர்த்தியுள்ள நிறம் வேண்டுமென்றால் ஒபாசிட்டியைக் குறையுங்கள். முகத்தில் நிழலை மெதுவாக ஏற்றுவதற்கும் மாஸ்க் (படத்தில் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) ஓரங்களைக் கரைப்பதற்கும் ஃப்ளோதான். அதற்கு நான் 10 சதவீதத்துக்கு மேல் போவதே அரிது.

கேள்வி: பிரஷைப் பெரிதாக்கினால் கோடு மணி கோத்தது போல வருகிறது அக்கா.

ஸ்பேசிங் அதிகமாக இருக்கிறது. இது பிரஷ் விட்டத்தில் எத்தனை சதவீதத்துக்கு ஒரு குத்தல் என்ற கணக்கு. ஃபோட்டோஷாப்பின் சாதாரண வட்ட பிரஷில் 25% இருக்கும், அதாவது 400 பிக்சல் பிரஷ் என்றால் 100 பிக்சலுக்கு ஒரு தடவை. 10% அளவுக்குக் கொண்டுவந்தால் ஓரம் வழவழப்பாகிவிடும். அதற்காக 1% வைக்காதீர்கள், பெரிய பிரஷில் கணினி திணறும். ஃப்ளோ குறைவாக வைத்திருந்தாலும் குத்தல்கள் நெருங்கி நிறம் சட்டென்று ஏறிவிடும்.

கேள்வி: ஆளை வெட்டி வேறு பின்னணியில் வைத்தால் ஒட்டவைத்தது அப்பட்டமாகத் தெரிகிறது. மாஸ்க் ஓரம் துல்லியமாகத்தான் வெட்டினேன்.

துல்லியம்தான் பிரச்சினையே. ஹார்ட்னெஸ், அதாவது பிரஷ் ஓரத்தின் கூர்மையை, 100% வைத்து ஆளைச் சுற்றிலும் ஒரே மாதிரி வெட்டியிருப்பீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸில் இருக்கும் தோள்பட்டை ஓரம் ஒன்றிரண்டு பிக்சலில் முடியும், ஃபோகஸ் விலகிய முழங்கை ஓரமோ பல பிக்சலுக்குக் கரைந்து போகும். அந்தந்த இடத்து மங்கலுக்குத் தக்கபடி ஹார்ட்னெஸை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஷிஃப்ட் அழுத்தியபடி சதுர அடைப்புக்குறி விசைகளைத் தட்டினால் ஹார்ட்னெஸ் மாறும், ஷிஃப்ட் இல்லாமல் தட்டினால் அளவு மாறும். இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை குறையும்.

கேள்வி: பிரஷ் வட்டமே காணோம், வெறும் கூட்டல் குறி மாதிரி தெரிகிறது!

கேப்ஸ் லாக்கை அணையுங்கள்.

கேள்வி: பேனா டேப்லெட் வாங்கினேன், எப்படி அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன்.

பிரஷ் செட்டிங்ஸில் ஷேப் டைனமிக்ஸ் என்ற பகுதியில் அளவுக்குரிய கன்ட்ரோலை பென் பிரஷர் என்று மாற்றுங்கள். நிறத்தின் அடர்த்தியும் அழுத்தத்தோடு மாற வேண்டுமென்றால் அங்கேயே உள்ள டிரான்ஸ்ஃபர் பகுதியிலும் அதையே செய்யுங்கள். பக்கத்தில் சின்ன எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் குறை பிரஷில் இல்லை, மென்பொருளுக்குப் பேனா வந்து சேரவில்லை, டிரைவரை (டேப்லெட்டைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளை) பாருங்கள்.

கேள்வி: கை நடுங்குகிறது, கோட்டின் நடுக்கத்தைச் சீராக்கும் ஸ்மூத்திங்கை 100 வைத்துவிடலாமா?

கோடு உங்கள் கைக்குப் பின்னால் இழுபட்டு வரும், சின்ன வளைவுகளும் மழுங்கும். நீண்ட வளைவுக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், கண் இமை மாதிரி குட்டிக் கோடுகளுக்கு இறக்கிவிடுங்கள். அப்புறம், மணிக்கட்டை ஊன்றாமல் தோளிலிருந்து இழுத்துப் பாருங்கள், நடுக்கம் அதிலேயே நிறையக் குறையும்.