காட்ஸில்லாவும் ஒரு பூனையும்

கேள்வி: தொழிற்சாலைக் கழிவிலிருந்து பூதம் கிளம்பும், அரசாங்கம் அதை மூடி மறைக்கும். ஹாரர் படங்களில் அரைத்த மாவையே அரைக்கிறார்கள். சென்ற இதழில் இவற்றை எச்சரிக்கைப் படங்கள் என்று பாராட்டியிருந்தீர்கள். அறிவியல் மீதும் அதிகாரிகள் மீதும் வீண் சந்தேகத்தைக் கிளப்பும் படங்களுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

பதில்: வீண் சந்தேகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? கடலுக்குள்ளிருந்து மலை போல ஒரு பிராணி எழுந்து வரும் என்பதையா? அதைப் படம் பார்க்கிற குழந்தைகூட நம்புவதில்லை. அதிகாரிகள் உண்மையை மறைப்பார்கள் என்பதையா? அதைத் தெரிந்துகொள்ள சினிமாவே வேண்டாம். 1954ஆம் ஆண்டின் செய்திகள் போதும்.

அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் உள்ள பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஏறக்குறைய 6 மெகாடன், அதாவது 60 லட்சம் டன் வெடிமருந்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வெடித்தது 15 மெகாடன். ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகு, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியேதான் இருந்தது. அதிலிருந்த 23 பேர் மீதும் வெள்ளைச் சாம்பல் மழையாகக் கொட்டியது. உடம்பெல்லாம் புண்ணோடு கரை சேர்ந்தார்கள். அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் அந்த மாதக் கடைசியில் அறிக்கை விட்டார். படகு எல்லைக்கு உள்ளேதான் இருந்திருக்க வேண்டும், புண்களுக்குக் காரணம் கதிர்வீச்சு அல்ல, வெடிப்பில் மாறிப்போன பவளப்பாறையின் வேதிவினையாக இருக்கும் என்றார். செப்டம்பரில் அந்தப் படகின் வயர்லெஸ் ஆபரேட்டர் ஐகிச்சி குபோயாமா இறந்துபோனார். நவம்பரில், கடலிலிருந்து எழுந்துவரும் ராட்சதப் பிராணியைப் பற்றிய ஜப்பானியப் படம் ‘காட்ஸில்லா’ வெளியானது.

அந்தப் படத்தில் என்னை உலுக்குவது டோக்கியோ எரிகிற காட்சி அல்ல, நாடாளுமன்றக் காட்சி. ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகள்தான் இந்த உயிரைக் கிளப்பிவிட்டன என்று விஞ்ஞானி ஆதாரத்தோடு சொல்லி முடிக்கிறார். உடனே ஓர் உறுப்பினர் எழுந்து, இதை வெளியே சொல்லவே கூடாது என்கிறார். பிற நாடுகளோடு உறவு கெடும், மக்கள் பீதியடைவார்கள் என்று காரணம் அடுக்குகிறார். எதிரே இருக்கும் பெண் உறுப்பினர்கள், உண்மையை உண்மையாகவே வெளியிடுங்கள் என்று கத்துகிறார்கள். அவையே அல்லோலகல்லோலப்படுகிறது. கவனியுங்கள், இங்கே விஞ்ஞானி உண்மையைச் சொல்கிறவர். அதை அமுக்கப் பார்ப்பது வேறு ஆட்கள்.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. அதே ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ரசாயன ஆலை, பாதரசம் கலந்த கழிவுநீரைக் கடலில் விட்டுக்கொண்டிருந்தது. மீனைத் தின்ற பூனைகள் ஆடியாடிச் சுழன்று விழுந்து செத்தன. அப்புறம் மனிதர்களுக்கும் கை கால் இழுத்தது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவர் ஹஜிமே ஹோசோகாவா, அந்தக் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனைக்கு அதே நோய் வந்தது. நிர்வாகம் முடிவை வெளியே விடவில்லை, சோதனையைத் தொடரவும் தடை போட்டது. அந்த டிசம்பரில் புதிய சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஒரு திறப்பு விழா வைத்தார்கள். நிறுவனத் தலைவர் சுத்தமான நீர் என்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு குவளை தண்ணீர் குடித்துக் காட்டினார். அந்த இயந்திரம், நோய்க்குக் காரணமான, நீரில் கரைந்திருக்கும் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காகச் செய்ததே அல்ல. அதே மாதம் நோயாளிகளுக்கு ‘அனுதாபத் தொகை’ கொடுத்து, பின்னாளில் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்க மாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது 1968இல். ஒன்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் கழிவு ஓடியது, ஜனங்கள் மீன் சாப்பிட்டார்கள். இதைவிடக் கொடூரமான காட்சியை எந்த ஹாரர் இயக்குநர் எழுதியிருக்கிறார், சொல்லுங்கள்.

சரி, உங்கள் கவலை நியாயமாகப் படுகிற ஓர் இடமும் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் தென் கொரியத் தலைநகர் சியோலில் அமெரிக்க ராணுவ முகாமின் பிணவறைப் பொறுப்பாளர், பிணங்களைப் பதப்படுத்தும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனத்தை வடிகாலில் ஊற்றச் சொன்ன சம்பவம் உண்மை. ஹான் நதிக்குப் போகிற வடிகால் அது. 2006இல் வந்த கொரியப் படம் ‘தி ஹோஸ்ட்’ அந்தச் சம்பவத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் அதே படத்தில் அரசு ஒரு வைரஸ் பரவுவதாகச் சொல்லி ஊரை அடைக்கிறது. கடைசியில் பார்த்தால் வைரஸே இல்லை. எந்தத் தொற்றுநோய் வந்தாலும் பொய் என்கிறவர்களுக்கு இந்தத் திருப்பம் தோதாகப் போய்விடும். அந்த அளவுக்கு உங்களோடு உடன்படுகிறேன்.

இந்தப் படங்கள் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. அவசரம். விஷம் கொட்டியதும் பூதம் வந்துவிடுகிறது. நிஜத்தில் இத்தனை வேகம் இல்லை. அமெரிக்காவின் நியாகரா ஃபால்ஸ் நகரத்தில் லவ் கெனால் என்ற இடத்தில் ஹூக்கர் ரசாயன நிறுவனம் ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்து மூடி, 1953இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பத்திரத்தில் எழுதி, அதனால் என்ன நேர்ந்தாலும் தாங்கள் பொறுப்பல்ல என்றும் சேர்த்துக்கொண்டது. அங்கே பள்ளிக்கூடம் எழுந்தது, வீடுகள் எழுந்தன. அவசரநிலை அறிவிக்க 1978 வரை ஆனது. அந்த மெதுவான இருபத்தைந்து ஆண்டுகளை யாராவது ஒரு ஹாரர் படமாக எடுத்தால் முதல் ஆளாகப் போய் உட்காருவேன்.

‘காட்ஸில்லா’வை நீங்கள் பார்ப்பதாக இருந்தால் ஜப்பானிய அசலையே பாருங்கள். 1956இல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டி வெளியிட்ட பதிப்பில், நாகசாகியிலிருந்து தப்பி வந்ததாக ரயிலில் ஒரு பெண் சொல்லும் பேச்சைக்கூட எடுத்துவிட்டார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.