கடிக்கிற மகனும் கைத்தொலைபேசியும்

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு குன்றும் நிலை). நடக்கவில்லை, பேச்சும் வரவில்லை. நாங்கள் சொல்வது விளங்கும். சில மாதங்களாகச் சாப்பிடும்போது கோப்பையைத் தட்டி விழுத்துகிறான், என் கையைக் கடிக்கிறான். காலுக்கு ஸ்பிளின்ட் (காலை நேராகத் தாங்கும் உறை) போடப் போனால் வீரிட்டு அழுகிறான். மாமி உடனே கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுகிறார். இரண்டு அடி போட்டால் திருந்துவான் என்கிறார்கள் அயலவர்கள். என்ன செய்வது?
- ஒரு தாய், விசுவமடு

பதில்: அடிக்காதீர்கள், சகோதரி. அடியும் அதட்டலும் இந்தப் பிள்ளைகளின் தசை இறுக்கத்தைக் கூட்டும். இறுகிய உடம்பு இன்னும் உதைக்கும். அதற்கும் திமிர் என்று பெயர் வைப்பார்கள்.

இந்தக் குழப்படி சில மாதங்களுக்கு முன்தான் தொடங்கியது என்கிறீர்கள். முன்பு இல்லாத குணம் புதிதாக வந்தால் முதலில் உடம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெருமூளை வாதம் உள்ளவர்களில் நால்வரில் மூவருக்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது, மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மலச்சிக்கல், நெஞ்செரிவு, சூத்தைப் பல் எதுவாகவும் இருக்கலாம். கால் வளர்ந்து ஸ்பிளின்ட் சிறிதாகியிருக்கவும் கூடும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்திலும் மறையாவிட்டால் அது அழுத்துகிறது. அளவு மாற்றும்வரை வற்புறுத்தாதீர்கள். வன்னி வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும் என்பதால் உள்ளே பருத்திக் காலுறை அவசியம்.

கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால், பஸ்ஸில் களைத்த பிள்ளை வைத்தியர் முன் தூங்கி வழிவான். ஆகவே வீட்டில் கத்தும்போதே ஒரு நிமிட வீடியோ எடுத்துக் காட்டுங்கள். இடுப்புக்கு எக்ஸ்ரே தேவையா என்று நீங்களே கேளுங்கள். வலிப்பு மருந்து குடிக்கிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். பீனோபார்பிடோன் போன்றவை சில பிள்ளைகளைச் சிடுசிடுப்பாக்கும். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இனிச் சாப்பாடு. எதில் இருத்தித் தீத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. பெரியவர்களின் பிளாஸ்டிக் கதிரை என்றால் கால் தொங்கும். இடுப்பு முன்னே வழுக்கும், தலை பின்னே சாயும், கை தானாக விறைத்து நீளும். கோப்பை விழுவது பல வேளை அந்தக் கையால்தான், அவன் நினைத்துச் செய்வதால் அல்ல. பாதத்தின் கீழ் பலகை வையுங்கள். இடுப்பின் இருபுறமும் சுருட்டிய சாரத்தைச் செருகுங்கள். அவன் கண்மட்டத்தில், நேர் எதிரே இருந்து கரண்டியைத் தாழ்வாகக் கொண்டுவாருங்கள். மேலிருந்து வந்தால் அண்ணாந்து பார்ப்பான், புரைக்கேறும்.

கடிப்பதற்கு முன் அவன் ஏதாவது காட்டியிருப்பான்: உதட்டை இறுக்குவது, முகத்தைத் திருப்புவது. அதை நாம் கவனிக்காமல் அடுத்த வாயைத் திணித்தால் பல்லைத் தவிர அவனுக்கு வேறு வழி ஏது? சோற்றுக் கோப்பையின் படம் ஒன்று, வெறும் கோப்பையின் படம் ஒன்று அட்டையில் ஒட்டி வைத்து, "இன்னும் வேண்டுமா, போதுமா?" என்று கேளுங்கள். கேட்டபின் மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பொறுங்கள். அவன் பதில் உடம்பு வழியாக வர நேரமெடுக்கும். கண்ணால் காட்டினால் போதும். "போதும்" என்றால் அந்தக் கணமே நிறுத்திவிடுங்கள், இரண்டு வாய் குறைந்தாலும் பரவாயில்லை. தான் சொன்னது நடக்கிறது என்று கண்டால்தான் கடியை விடுவான். பல நாள் சாப்பாடு குறைந்தே போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கத்தினால் தொலைபேசி வரும் என்பதை உங்கள் மகன் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்! மாமியோடு இதற்காகச் சண்டை வேண்டாம், கொடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிளின்ட் சரியான அளவு, வலி இல்லை என்று உறுதியானபின், அதைப் போட்டு முடிந்ததும் தொலைபேசியில் ஒரு பாட்டு. கொடுப்பது அப்பம்மாவாகவே இருக்கட்டும். முதல் சில நாட்கள் கத்தல் கூடத்தான் செய்யும். அப்போது ஒருவர் இளகிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று படித்துக்கொள்வான். இதைத் தொடங்குவதற்கு முன்பே மாமியிடம் சொல்லிவையுங்கள்.