பைத்தன் அடிப்படைகளை மீட்டிப் பார்க்கும்போது எதிலிருந்து தொடங்குவது?

உயர்தரப் பரீட்சைக்காகப் பைத்தன் என்ற நிரல் மொழியை எங்கிருந்து மீட்டிப் பார்ப்பது என்று கிளிநொச்சியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. தரவு வகையிலிருந்து, அதாவது ஒரு பெறுமானம் எண்ணா எழுத்தா என்பதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள இரண்டு வயல்களின் நெல் மூட்டைகளைக் கூட்ட ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். தட்டச்சிடுவதை வாங்கும் இன்புட் (input) மூலம் 12, 8 என்று கொடுத்து அப்படியே கூட்டினால் 20 வராது, 128 வரும்! இன்புட் எதை வாங்கினாலும் சரமாகவே, அதாவது எழுத்துத் தொடராகவே தருகிறது; சரங்களைக் கூட்டல் குறி ஒட்டத்தான் செய்யும். இன்ட் (int) கொண்டு ஒவ்வொன்றையும் முழு எண்ணாக மாற்றிய பிறகே கூட்டுங்கள்.

அடுத்தது உள்தள்ளல், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி. பல மொழிகளில் அது வாசிப்பு வசதிக்கு மட்டுமே. பைத்தனில் எந்த வரி இஃப் (if) என்ற நிபந்தனைக்குள் அடங்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது. நான்கு இடைவெளி வழக்கம்.

கணினி கிடைக்காத நாளில் கொப்பியை எடுத்து, மாறிகளின், அதாவது பெறுமானத்தை வைத்திருக்கும் பெயர்களின் பெறுமானத்தை வரிக்கு வரி எழுதிப் பாருங்கள். எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்ச் (range) 5 என்றால் 0 முதல் 4 வரைதான் என்பது அப்போது மனத்தில் பதிந்துவிடும்.