மண் தடத்தில் நான்கு சுற்று: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களில் தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கல்லூரி விடுதியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, உலகப் பட்டத்துக்கான ஸ்பீட்வே கிராண்ட் பிரீ தொடரைப் பார்க்கிறோம். ஓர் ஓட்டம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. உடனே வேறு நால்வர் வந்து நிற்கிறார்கள். யார் முன்னணியில் இருக்கிறார் என்பதே பிடிபடுவதில்லை. இதை எப்படிப் பார்ப்பது?
– மாணவர், காரைக்குடி

பதில்: கையில் தாளும் பேனாவும் இல்லாமல் இந்தப் பந்தயத்தைப் பார்க்க உட்காராதீர்கள். போலந்திலும் பிரிட்டனிலும் அரங்குக்குச் செல்லும் ரசிகர் வாயிலிலேயே நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை வாங்கிக்கொள்வார். அதில் அச்சிட்டிருக்கும் கட்டங்களை ஒவ்வோர் ஓட்டம் முடிந்தவுடனும் தம் கையால் நிரப்புவார். பக்கத்து இருக்கைக்காரர் ஓர் எண்ணைத் தவறவிட்டுவிட்டால் இவருடைய தாளை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பல ஆண்டுப் புத்தகங்களைப் பெட்டியில் சேர்த்து வைத்திருப்போரும் உண்டு.

போட்டியிடும் பதினாறு வீரர்களுக்கும் ஆளுக்கொன்றாகத் தாளில் பதினாறு வரிசைகள் வரைந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கட்டங்களும் கூட்டுத்தொகைக்கு ஒன்றும் இடுங்கள். ஓர் ஓட்டத்துக்கு நால்வர்; இடஞ்சுழியாக நான்கு சுற்று; முதலில் வருபவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 20 ஓட்டங்களில் ஒவ்வொருவரும் ஐந்து முறை களமிறங்குவார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்ற தலைக்கவச நிறங்கள் அந்தந்த ஓட்டத்துக்கு மட்டுமே உரியவை. சென்ற முறை சிவப்பில் வந்தவர் இம்முறை மஞ்சளில் வரலாம். ஆகவே நிறத்தை நம்பி மனத்தில் கணக்கு வைத்திருந்தால் மூன்றாம் ஓட்டத்திலேயே குழம்பிவிடும்.

கட்டத்தின் மூலையில் சிறியதாக இன்னோர் எண்ணையும் குறியுங்கள்: அவர் எந்தப் புறப்பாட்டுத் தடத்திலிருந்து கிளம்பினார் என்பது. தொடக்கக் கோட்டில் உட்புறம் 1, வெளிப்புறம் 4. மண் புதிதாகச் சமன்செய்யப்பட்டிருக்கும்போது உட்புறத் தடத்தினர் முதல் வளைவைக் குறுக்கே பிடித்து முந்திவிட வாய்ப்பு அதிகம். ஓட்டங்கள் ஆக ஆகப் பின்சக்கரங்கள் வாரியடிக்கும் தளர்ந்த மண் வெளிவிளிம்பில் சேர்கிறது. அங்கே சக்கரத்துக்குப் பிடி கிடைப்பதால், பின்தங்கியவர் வெளியே அகன்று சென்று முந்த முடிகிறது. அவ்வப்போது டிராக்டர் வந்து மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டால் நிலைமை மறுபடியும் மாறும். மூன்று ஓட்டங்களில் 8 புள்ளி எடுத்தவரைவிட, கடினமான புறப்பாட்டுத் தடங்களையெல்லாம் முன்னதாகவே முடித்துக்கொண்டு 7 புள்ளியில் நிற்பவர் நல்ல நிலையில் இருக்கக்கூடும். திரையில் ஓடும் புள்ளிப் பட்டியல் இதைச் சொல்லாது. உங்கள் தாள் சொல்லும்.

விழுந்தவருக்கு ‘வீ’, நடுவர் விலக்கியவருக்கு ‘வி’, எஞ்சின் நின்றுபோனவருக்கு ‘எ’, தொடக்க நாடா எழும்பும் முன்பே அதைத் தொட்டு வாய்ப்பிழந்தவருக்கு ‘நா’ என்று எழுதிக்கொள்ளலாம். வெறும் சுழியம் போட்டுவிட்டால், அவர் மெதுவாக ஓட்டினாரா, அவருக்கு வண்டி காலை வாரியதா என்பது பின்னால் தெரியாமல் போகும்.

2025ஆம் ஆண்டுப் பருவத்தில் கொண்டுவரப்பட்ட முறைப்படி, 20 ஓட்டங்களின் முடிவில் முதல் இருவர் நேராக இறுதி ஓட்டத்துக்குச் செல்கின்றனர். மூன்றாம் இடம் முதல் பத்தாம் இடம் வரை உள்ள எண்மரும் இரண்டு கடைசி வாய்ப்பு ஓட்டங்களில் மோதி, அவற்றின் வெற்றியாளர்கள் மட்டும் அந்த முதல் இருவருடன் சேர்கின்றனர். எனவே பதினாறாம் ஓட்டத்துக்குப் பிறகு முதலிடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், இரண்டாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடக்கும் இழுபறியைக் கவனியுங்கள். பாதி சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு வீரரும் மற்ற எல்லாரையும் ஒரே ஒரு முறை சந்திக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நால்வர் நால்வராக ஓடும்போது இது கணக்குப்படி சாத்தியமா?
– ஓய்வுபெற்ற கணக்காளர், தேவகோட்டை

பதில்: சாத்தியம்தான், அதுவும் ஒரு மீதி இல்லாமல். பதினாறு பேரில் இருவர் இருவராகச் சோடி சேர்த்தால் 120 சோடிகள் கிடைக்கும். ஓர் ஓட்டத்தில் நால்வர் நின்றால் ஆறு சோடிகள் மோதிவிடுகின்றன; 20 ஓட்டங்களுக்கு 120. வீரரின் பக்கமிருந்து பார்த்தால், ஐந்து ஓட்டங்களிலும் தலா மூன்று எதிராளிகள், ஆக பதினைந்து பேர். தம்மைத் தவிர இருப்போரும் பதினைந்து பேரே. யாரும் யாரையும் தவிர்க்கவும் முடியாது, இருமுறை சந்திக்கவும் நேராது. புறப்பாட்டுத் தடங்களும் அப்படியே பகிரப்படுவதால் நான்கு தடங்களிலிருந்தும் அனைவரும் புறப்பட்டுப் பார்த்துவிடுகின்றனர்.

ஓர் ஓட்டத்தில் வழங்கப்படும் புள்ளிகள் ஆறு என்பதால் 20 ஓட்டங்களின் மொத்தமும் 120 ஆகவே வரும். கூட்டுத்தொகை குறைந்தால், மூவருக்கும் குறைவானோர் ஓடி முடித்த ஓட்டம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். அப்படியும் நேராகாவிட்டால் பிழை உங்கள் தாளில்தான் இருக்கிறது. பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய ஊர்க்காரருக்கு இதற்குமேல் நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: இந்த வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாதாமே? விதிமுறையே அப்படியென்றால் அது வீரர்களின் உயிரோடு விளையாடுவதாகாதா?
– அரிசி ஆலை உரிமையாளர், புதுவயல்

பதில்: பிரேக் இல்லை என்பது உண்மை. கியரும் ஒன்றே ஒன்றுதான். 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், எரிபொருள் மெத்தனால், வண்டியின் குறைந்தபட்ச எடை 77 கிலோ. நம் தெருவில் ஓடும் நூறு சிசி வண்டியே நூறு கிலோவைத் தாண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் வேகம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

பிரேக்கை நீக்கியிருப்பதும் பாதுகாப்பு கருதித்தான். நால்வர் சக்கரத்தோடு சக்கரம் உரச வளைவுக்குள் நுழையும்போது முன்னால் செல்பவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவருக்கு விலக இடமிருக்காது. வேகத்தைக் குறைக்கும் வேலையை, பக்கவாட்டில் சறுக்கும் பின்சக்கரம் செய்கிறது. வீரர் முன்சக்கரத்தை வளைவுக்கு எதிர்ப்புறம் திருப்பி, இரும்புத் தகடு பூட்டிய இடது காலணியைத் தரையில் ஊன்றிச் சறுக்கிக்கொண்டே திரும்புகிறார். எஞ்சினை நிறுத்தும் விசையிலிருந்து ஒரு கயிறு அவருடைய மணிக்கட்டில் கட்டியிருக்கும். வண்டியைவிட்டு அவர் பிரிந்தால் எஞ்சின் நின்றுவிடும். உலகப் பட்டப் போட்டிகளில் வளைவுகளில் காற்றடைத்த தடுப்புகளும் உண்டு.

இவ்வளவு இருந்தும் விபத்துகள் நிகழாமல் இல்லை. பிரிட்டன் வீரர் லீ ரிச்சர்ட்சன் 2012 மே மாதம் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் நடந்த லீக் ஆட்டத்தில் மோதி உயிரிழந்தார். ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டு 2015இல் தண்டுவடம் பாதிக்கப்பட்டு நடமாட்டத்தை இழந்தார். ஆபத்தில்லாத விளையாட்டு என்று உங்களிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் இல்லாத எந்த விறுவிறுப்பு இதில் இருக்கிறது?
– விவசாயி, சிராவயல்

பதில்: விறுவிறுப்பில் உயர்வு தாழ்வு சொல்ல மாட்டோம், பார்க்கும் முறையில்தான் வேறுபாடு. பெரிய மாடாயினும் கரிச்சான் மாடாயினும், எல்லைக்கொடிவரை போய்த் திரும்பும் வண்டிகளைச் சாலையோரத்தில் நிற்பவர் தம்மைக் கடக்கும் அந்தச் சில நொடிகளில் மட்டுமே காண்கிறார்; நடுவில் யார் யாரை முந்தினார் என்பதை இருசக்கர வாகனத்தில் துரத்திச் சென்றவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். ஸ்பீட்வேயில் நானூறு மீட்டர் அளவேயான நீள்வட்டத் தடம் முழுவதும் ஒரே இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியும். சாரதியின் சாமர்த்தியத்தை எடைபோடத் தெரிந்த உங்களுக்கு, வளைவில் எதிராளிக்கு வழிவிடாமல் தடத்தை அடைத்துச் செல்லும் வீரரின் நயம் எளிதில் பிடிபடும்.

கேள்வி: பந்தய வண்டிக்கு விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று என் பேரன் சொல்கிறான். கேலி செய்கிறானா?
– இல்லத்தரசி, கோட்டையூர்

பதில்: பேரன் சொல்வதில் பொய்யில்லை, அம்மா. மெத்தனாலில் ஓடும் பந்தய எஞ்சின்களில் ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட மசகெண்ணெய் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கடும் வெப்பத்திலும் அதன் படலம் அறுபடாமல் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். எரியும்போது எழும் மணத்துக்காகவே அரங்குக்கு வருவதாகச் சொல்லும் ரசிகர்கள் உண்டு. கைப்பிசுக்கு மட்டும் நம் வீட்டு எண்ணெயைப்போலத்தான். எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கழுவாவிட்டால் கோந்துபோல் ஒட்டிக்கொள்ளும். உலகில் ஆமணக்கெண்ணெயை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு இந்தியா என்பதையும் பேரனிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கள் மகன் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் பணியாற்றுகிறான். கோடையில் எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறான்; கிராண்ட் பிரீ போட்டிக்கு அழைத்துச் செல்வதாகவும் சொல்கிறான். எங்கள் வயதில் அங்கே போய் உட்கார முடியுமா?
– ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், ஆச்சி. பாட்டி முதல் பேத்திவரை குடும்பமாக வந்து பார்ப்பது அங்கே வழக்கம். தாங்கள் செல்லவிருக்கும் ஊரும் சாதாரண ஊர் அன்று. 1936 முதல் பெரும்பாலும் ஒரே இரவில் நடந்த இறுதிப்போட்டியால் முடிவு செய்யப்பட்டு வந்த உலகப் பட்டம், 1995இல் பல நாடுகளில் நடக்கும் கிராண்ட் பிரீ தொடராக மாறியபோது, அதன் முதல் போட்டி நடந்தது வ்ரோட்ஸ்வாஃபில்தான்.

எங்கள் யோசனை, கிராண்ட் பிரீக்கு முன்பாக உள்ளூர் லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிடுங்கள் என்பதே. அதில் அணிக்கு இருவராக நால்வர் ஓடுவர், 15 ஓட்டங்கள், இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டினால் 90 வரும். எந்த அணிக்குக் கைதட்டுவது என்ற தெளிவு இருப்பதால் புதியவருக்கு அது எளிது. போலந்தில் இந்த விளையாட்டைத் தாங்கி நிற்பவை பெருநகரங்கள் மட்டும் அல்ல. காரைக்குடியைவிட மக்கள்தொகை குறைந்த லெஷ்னோ போன்ற ஊரும் பல முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது.

வளைவை ஒட்டிய கீழ்வரிசை இருக்கைகளைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மண் தெறித்துப் பட்டுப்புடவையைப் பாழாக்கிவிடும். தொடக்கக் கோட்டுக்கு நேரே மேல்வரிசையில் கிடைத்தால் நல்லது. காதுக்குப் பஞ்சு வேண்டும். பகல் வெயிலாக இருந்தாலும் இரவில் குளிரும் என்பதால் கம்பளிச் சால்வையை மறக்க வேண்டாம். கடைகளில் பெரும்பாலும் இறைச்சிப் பண்டங்களே இருக்கும். மரக்கறி உணவு மட்டும் உண்பவராயின் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

பலத்த மழை பெய்தால் போட்டி தள்ளிப்போகும். மழை இல்லாமலும் கெட்டுப்போவதுண்டு: 2015இல் வார்சாவின் தேசிய அரங்கில் தற்காலிகமாக மண் கொட்டி அமைத்த தடத்தில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருக்க, தொடக்கக் கருவி பழுதாகித் தடமும் குலைந்ததால், 12 ஓட்டங்களோடு போட்டி கைவிடப்பட்டது. போலந்தின் புகழ்பெற்ற வீரர் தோமாஷ் கோலோப் கிராண்ட் பிரீயிலிருந்து விடைபெற வந்த இரவு அது. ரசிகர்களின் கோபத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே, அங்கே இந்தப் பந்தயம் நடப்பதுண்டா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: இல்லை. அது கார்களுக்கும் பைக்குகளுக்குமான தார்த்தடம். இடமும் வலமும் திரும்பும் வளைவுகள் கொண்டது.

கேள்வி: எக்காலத்திலும் சிறந்த வீரர் யார்? 2021இன் சாம்பியன் மறு ஆண்டே காணாமல் போனது ஏன்?
– ஆசிரியர், பள்ளத்தூர்

பதில்: நியூசிலாந்தின் ஐவன் மாகர், சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன், போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் ஆகிய மூவரும் தலா ஆறு முறை தனிநபர் உலகப் பட்டம் வென்றுள்ளனர். மாகர் ஒரே இரவில் தலைவிதி தீர்மானிக்கப்பட்ட காலத்தில், 1968 முதல் 1970 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றவர். அன்றைக்கு ஓர் எஞ்சின் கோளாறு போதும், ஓராண்டு உழைப்பும் போய்விடும். அதனால் எங்கள் வாக்கு மாகருக்கே. ஸ்மார்ஸ்லிக் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பதால் இதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் வைத்துக்கொள்கிறோம்.

2021இல் வென்ற அர்த்தெம் லகூத்தா ரஷ்யர். உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து 2022இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு தடை செய்ததால், பட்டத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: போட்டிகள் நம் நேரப்படி எப்போது தொடங்கும்?
– வாசகர், காரைக்குடி

பதில்: போட்டிகள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கின்றன. கோடையில் போலந்து நேரத்துக்கு நாம் மூன்றரை மணி நேரமும் பிரிட்டன் நேரத்துக்கு நான்கரை மணி நேரமும் முன்னால் இருக்கிறோம். போலந்தில் மாலை ஏழு மணிக்குத் தொடங்குவது இங்கே இரவு பத்தரை. முடிய நள்ளிரவு ஒரு மணியைத் தாண்டிவிடும். ஒளிபரப்பு உரிமை கைமாறக்கூடியது என்பதால், பருவம் முழுமைக்கும் சந்தா கட்டுமுன் இந்தியாவில் அது காட்டப்படுமா என்பதை அமைப்பாளரின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.