‘ரெண்டில் ஒன்றை விடச் சொல்லுங்கள்’ என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அனுப்பிய ஒலிப்பதிவையும் முழுக்கக் கேட்டேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை தாத்தாவின் முன்னால் போனை வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்கிறாள், பழைய போட்டோ தேடி பீரோவைக் கலைக்கிறாள். அது இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் புள்ளிகள் ஓடுவதை மணிக்கணக்காகப் பார்க்கிறாள். “ரெண்டில் ஒன்றையாவது விடச் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புள்ளிகள். அது கேம் இல்லை. நெட்லோகோ என்ற இலவச மென்பொருள், யூரி விலென்ஸ்கி என்பவர் 1999இல் வெளியிட்டது. ஒவ்வொரு புள்ளியையும் ஒரு விவசாயி, ஒரு வண்டி, ஒரு நோயாளி என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று விதிகளைக் கொடுத்து ஓடவிட்டால், எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்று பார்க்கலாம். டிராஃபிக் ஜாமும் தொற்றுநோயும் இப்படித்தான் ஆராயப்படுகின்றன. உங்கள் மகள் ஓடவிட்டிருப்பது உங்கள் ஊர்க் கண்மாய். மடை திறந்தால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போகும் என்பதுதான் அவள் கேள்வி.

இப்போது ஒலிப்பதிவுக்கு வருகிறேன். நீர்பாய்ச்சியாக, அதாவது கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிடும் ஆளாக இருந்த உங்கள் அப்பா ஓர் இடத்தில் சொல்கிறார்: “கண்மாய் பாதிக்குக் கீழ போச்சுன்னா ஆளுக்குப் பாதி வயல்தான் நடணும்னு கூட்டத்துல பேசி முடிச்சிருவோம்.” உடனே பேத்தி கேட்கிறாள், “யாராச்சும் மீறி நட்டா?” தாத்தா சிரிக்கிறார். “நான் தண்ணி விடமாட்டேன்ல?”

சார், இந்தப் பேச்சு அவள் எழுதிய புரோகிராமில் இரண்டு வரி விதியாக உட்கார்ந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். பாடப்புத்தகத்தை மட்டும் வைத்து எழுதியிருந்தால் நெல்லுக்கு எத்தனை தண்ணீர் வேண்டும் என்ற கணக்கு வந்திருக்கும், ஊர்க்கூட்டம் வந்திருக்காது. நீங்கள் இரண்டு பைத்தியம் என்று நினைப்பது ஒரே வேலைதான். தாத்தாவிடம் கேட்டால்தான் புள்ளிக்கு விதி கிடைக்கும்.

இது நான் சும்மா முடிச்சுப் போடுவதில்லை. இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்திருக்கிறது. அங்கே பாசனச் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். எந்த சுபாக் எப்போது நடவு செய்வது என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. கோயில் முறையை விடுங்கள், முடிந்த மட்டும் நெல் போடுங்கள் என்றார்கள். புகையான் என்ற நெற்பூச்சி பெருகியது, தண்ணீரும் பற்றாமல் போனது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் கோயில்களில் உட்கார்ந்து பூசாரிகளிடமும் விவசாயிகளிடமும் விவரம் கேட்டவர். அவரும் ஜேம்ஸ் கிரெமர் என்ற சூழலியலாளரும் சேர்ந்து ஊஸ், பெதானு என்ற இரண்டு ஆறுகளையும் 172 சுபாக்குகளையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள்.

அதில் ஒரு இழுபறி இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டால், அறுவடைக்குப் பிறகு பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது, செத்துப்போகும். ஆனால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தண்ணீர் வேண்டும். ஆளுக்கொரு நாளில் நட்டால் தண்ணீர் பற்றும், பூச்சி வயலுக்கு வயல் தாவிப் பிழைத்துக்கொள்ளும். நல்ல மகசூல் எடுத்த பக்கத்து சுபாக்கைப் பார்த்து மற்றதும் பின்பற்றட்டும் என்று மாடலில் விட்டார்கள். சில வருஷக் கணக்கிலேயே, சேர்ந்து நடும் சுபாக் குழுக்கள் தாமாக உருவாயின. பார்த்தால், நிஜமான நீர்க்கோயில்கள் வைத்திருந்த ஏற்பாட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. 1993இல் இது கட்டுரையாக வந்தது.

நம் ஊரிலும் பழையதைச் சேர்ப்பதும் கம்ப்யூட்டர் கணக்கும் தூரத்தில் இல்லை. சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது, அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கிறது. சிந்து எழுத்துக் குறியீடுகளைப் புள்ளியியல் முறையில் அலசி 2009இல் வந்த கட்டுரையில், அந்த நிறுவனத்தின் ரணஜய் அதிகாரியும் அந்த நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையத்தோடு இருந்த ஐராவதம் மகாதேவனும் சேர்ந்தே பெயர் போட்டிருக்கிறார்கள். மகாதேவன் உட்கார்ந்து குறியீடுகளைத் தொகுத்து 1977இல் நூலாக்காமல் இருந்திருந்தால் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க என்ன இருந்திருக்கும்?

சரி, சம்பளம். உங்கள் கவலை அதுதான், எழுதத் தயங்கியிருக்கிறீர்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ஆவணக் காப்பக வேலைகள் நம்மிடம் குறைவு, பலவும் திட்டம் முடியும் வரைதான். அதனால் டிகிரியை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம். டிகிரி கணக்குப் பக்கம் இருக்கட்டும். ‘சிமுலேஷன்’ என்று பெயரில் உள்ள கோர்ஸைத் தேடி அலையாதீர்கள்; அந்தப் பெயரில் வேலை விளம்பரமும் அதிகம் வராது. வெள்ளக் கணிப்பு, சரக்குப் போக்குவரத்து, காப்பீடு, பொது சுகாதாரம் என்று வேறு வேறு பெயரில் வரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கென்று செய்த வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு இந்த வகைதான்.

அவளுக்கு நான் முதலில் வைப்பது சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பி.எஸ்சி. கணிதமும் கணினி அறிவியலும். தனி நுழைவுத் தேர்வு, கஷ்டமானது. அடுத்து ஐஐஎஸ்இஆர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள், அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. இரண்டும் கிடைக்கவில்லை என்றால் நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் அல்லது இயற்பியல். அப்புறம் ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுதித் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்துக்கே போகலாம். நீங்கள் கேட்ட கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கும் தப்பில்லை, நிகழ்தகவுப் பாடத்தை ஒப்புக்குப் படிக்காமல் இருந்தால். என் விருப்பத்தைக் கேட்டால், சிவில் எடுத்து நீர்வளத்தில் மேற்படிப்பு. கண்மாய்க்காரர் பேத்திக்கு அது பொருந்தும். ஆனால் கேட்டதும் முகம் சுளித்தாள், அதனால் வற்புறுத்தவில்லை.

போட்டோ வேலை லீவு நாட்களில் நடக்கட்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் போட்டோ ஸ்டுடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. பெங்களூருவில் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தின் ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அங்கே பயிற்சிக்கு இடம் உண்டா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் போய் வந்தால் தெரிந்துவிடும், இது ஆசையா தொழிலா என்று.

பரீட்சை முடியும் வரை இந்த வேலையெல்லாம் ஞாயிறு சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் என்று அவளிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்களும் கூட உட்காருங்கள். வீட்டு ஆல்பம் அந்தப் பசைத் தாள் ஆல்பம் என்றாள். படத்தைப் பிய்த்து இழுக்க வேண்டாம், பக்கத்தோடு ஸ்கேன் செய்தால் போதும், 600 டிபிஐ, டிஃப் கோப்பு. லேமினேஷன் கூடவே கூடாது. தனியாக இருக்கும் படங்களின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். யார் யார் என்று பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில், பால்பாயின்ட் பேனா வேண்டாம். ஒலிப்பதிவு இப்போது ஒரே போனில்தான் இருக்கிறதாம். இன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

இன்னொன்று, அடுத்த முறை தாத்தா பேசும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். கண்மாயில் மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலுங்கு பற்றி அவர் ஏதோ முக்கியமாகச் சொல்கிறார், எனக்குப் பாதிதான் கேட்டது.