கேளுங்க, சேர்ந்து புலம்புவோம்

கே: 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டினா கம்ப்யூட்டர் 931 ஜிபின்னு காட்டுது. மீதி எங்க சார் போச்சு?

ப: எங்கயும் போகல. டிஸ்க் தயாரிக்கிறவங்க 1000, 1000-ஆ பெருக்குறாங்க, விண்டோஸ் 1024, 1024-ஆ வகுக்குது, ஆனா ரெண்டு பேரும் ஜிபின்னுதான் எழுதுறாங்க. இந்த 1024 கணக்குக்கு ஜிபிபைட்னு 1998-லயே தனிப்பேர் வச்சாச்சு, விண்டோஸ் இன்னும் காதுலயே போட்டுக்கல.

கே: ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணாலும் போகாத கோளாறு ரீஸ்டார்ட் பண்ணா போயிடுதே, எப்படி?

ப: ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்போட வேலை. ஷட் டவுன்ல விண்டோஸ் முழுசா தூங்காம, தன்னோட மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்ல சேமிச்சு வச்சு மறுபடி அதையே எடுத்து ஓட்டுது. ரீஸ்டார்ட்தான் நிஜக் குளியல், மத்தது சும்மா முகம் கழுவுறது.

கே: உங்களுக்கு ரொம்ப எரிச்சல் தர்ற சாமான் எது?

ப: யுஎஸ்பி சி கேபிள்! என் டிராயர்ல மூணு கருப்பு கேபிள் இருக்கு, மூணுக்கும் ஒரே மூஞ்சி, ஒண்ணு 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 40 ஜிகாபிட்) போகும், ஒண்ணு சார்ஜ் மட்டும் நல்லா ஏத்தும், டேட்டா 480 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 480 மெகாபிட்), அது 2000-ல வந்த யுஎஸ்பி 2.0 வேகம். போன வாரம் அவசரத்துல அதையே சொருகிட்டு வீடியோ காப்பி பண்ணப் போட்டா, அந்தப் பச்சைக் கோடு நகரவே இல்ல, நான் டிஸ்க்கைத் திட்டிட்டு உக்காந்திருந்தேன். இப்ப நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சிருக்கேன். சிவப்பு வேகம், நீலம் சார்ஜ். மூணாவது என்னன்னு எனக்கே தெரியாது, தூக்கிப்போடவும் மனசு வரல.