15 லட்சம் கடன் வாங்கினால் வானியல் கிடைக்காது

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, தமிழ் வழி. வானியல் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சியின் அண்ணன், சென்னைப் பக்கம் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் இன்ஜினியரிங் சேர்த்துவிடச் சொல்கிறார். "ராக்கெட்டும் வானமும் ஒண்ணுதானே, பேருக்குப் பின்னால பி.டெக். இருக்கும்" என்பது அவர் வாதம். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 15 லட்சம். மகளுக்கென்று வைத்திருக்கும் நகையை ஈடு காட்டிக் கடன் வாங்கலாமா என்பது ஆச்சியின் கேள்வி.

கவலை நியாயமானது. எந்தத் தாய்க்கும் வரும். ஆனால் நகையைத் தொடாதீர்கள், ஆச்சி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். உங்கள் வளவு வீடு பெரிதுதான்; அதை ஈடு வைக்க எத்தனை பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஆக, மிச்சம் நகைதான். 10 சதவீத வட்டி என்று வைத்தாலும் பத்து வருடத் தவணைக்கு மாதம் கிட்டத்தட்ட 20,000 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை கட்ட ஆரம்பித்தாக வேண்டும். வானியலுக்குப் போகிற பிள்ளை எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. தவணைக்காக அவள் ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் உட்காருவாள். அவளை வானியல் பக்கம் தள்ளத்தான் இந்தக் கடன் என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். அவளை அதிலிருந்து வெளியே இழுக்கப் போவதே இந்தக் கடன்தான்.

அப்புறம், ராக்கெட்டும் வானமும் ஒன்றல்ல. ஏரோஸ்பேஸில் காற்றோட்டம், எஞ்சின், கட்டமைப்பு, கட்டுப்பாடு என்று கற்பிப்பார்கள். நல்ல படிப்பு, விமானமும் ராக்கெட்டும் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு. ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்து அதன் வெப்பமும் வேகமும் என்ன என்று கேட்பவள் இயற்பியல் படிக்க வேண்டும். விண்மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது இயற்பியல்தான். 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே வெண்குறு விண்மீன்களின், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களின், எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். 1983-இல் நோபல் பரிசு வந்தது. உதகை ரேடியோ தொலைநோக்கியை அமைத்த கோவிந்த் ஸ்வரூப்பும் அலகாபாத்தில் இயற்பியல் படித்தவர். 530 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொலைநோக்கியை எங்கே வைத்தார்கள் தெரியுமா? அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சரியும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காக வைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தின் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இந்த மாதிரி யோசனை இயற்பியலும் கணிதமும் கைவந்தவருக்குத்தான் வரும்.

ஐசர், நைசர், ஐ.ஐ.டி., திருவனந்தபுரம் ஐ.ஐ.எஸ்.டி. போன்ற மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள் பற்றி யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும், கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். நான் பேச வந்தது பக்கத்திலேயே இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றைப் பற்றி: காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல்.

முகம் சுளிக்க வேண்டாம். "அரசு கலைக் கல்லூரியா?" என்று ஆயாவே கேட்பார்கள் என்று தெரியும். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம். வருடக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிளஸ் டூவில் மாநில அளவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்துவிட்டால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்: வருடத்துக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. இது இயற்பியல், வேதியியல், கணிதம் போன்ற அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மட்டும். ஏரோஸ்பேஸில் சேர்ந்தால் கிடைக்காது. உங்கள் அண்ணனிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கல்லூரியில் பாடம் நடத்தி முடித்தாலே அவள் வானியலாளர் ஆகிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. செமஸ்டர் தேர்வுக்குப் படித்தால் செமஸ்டர்தான் தேறும். மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் வரும் ஜாம் தேர்வை முதல் ஆண்டிலிருந்தே கண் முன்னால் வைத்துப் படிக்க வேண்டும். ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி.க்கும், பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் அதுதான் வாசல். 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இயக்கவியல், அலையும் ஒளியும், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திடநிலை, மின்னணுவியல், இவற்றுக்கெல்லாம் அடியில் கணித முறைகள். கணித முறைகளை முதல் வருடமே பிடித்துக்கொள்ளட்டும். பலர் கோட்டைவிடுவது அங்கேதான். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ் வழிப் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் திணறலாக இருக்கும், பிறகு பழகிவிடும். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் இலவசம். கூடவே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது. இன்றைய வானியலாளர் தொலைநோக்கியில் கண் வைப்பதைவிடக் கணினியில் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே அதிகம்.

முதல் ஆண்டிலேயே மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இளநிலை அறிவியல் மாணவர்களுக்கு நடத்தும் நியஸ் திட்டத்துக்கும், அடுத்தடுத்த ஆண்டுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரு கோடையாவது ஓர் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தால், இது தனக்கான வேலையா என்று அவளுக்கே புரிந்துவிடும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், அடுத்த விடுமுறையிலேயே அழைத்துப் போங்கள். நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வரும் இடம். கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் விஞ்ஞானி ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான்.

ராத்திரியெல்லாம் மாடியில் நின்று பைனாகுலரில் பார்த்துப் புள்ளி வைக்கிறாள் என்று குறைப்பட்டு, அவள் நோட்டையும் படமெடுத்து அனுப்பியிருந்தீர்களே ஆச்சி, அதை நிதானமாகப் பார்த்தேன். அவை வியாழனின் நான்கு நிலவுகள். கடைசிப் பக்கத்தில் கலிஸ்டோ ஒரு சுற்றுக்கு 17 நாள் எடுக்கிறது என்று கண்டுபிடித்து, அதிலிருந்து வியாழனின் நிறையைக் கணக்கிட முயன்றிருக்கிறாள். உண்மையான காலம் 16.7 நாள். நட்சத்திரப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற பிள்ளைகள் பலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் கணக்கைக் காட்டினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். உங்கள் மகள் யாரும் கேட்காமலே கணக்குப் போட்டிருக்கிறாள். அவளை வேறு படிப்புக்கு மாற்றிவிடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் உடன்பட மாட்டேன்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வானியலாளர் பதவிகள் நாட்டிலேயே குறைவு, பிஎச்.டி. முடிக்க 27, 28 வயதாகிவிடும். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பிஎச்.டி. காலத்தில் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அதற்குப் பின் 42,000 ரூபாய் என்று மத்திய அரசின் உதவித்தொகை இருக்கிறது. நடுவில் மனம் மாறினால் இயற்பியலும் பைத்தானும் கையில் இருக்கும். தரவு சார்ந்த வேலையோ, பி.எட். முடித்து ஆசிரியர் வேலையோ, நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலையோ பார்க்கலாம். தலையில் கடன் இருக்காது என்பதால் எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை. "28 வயசு வரைக்கும் படிச்சா கல்யாணம் எப்ப?" என்று பங்காளி வீடுகளில் கேட்பார்கள். அதை அவளிடமே கேட்கச் சொல்லுங்கள்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையத்தில்தான். பிளஸ் டூ முடிவு வருகிற சமயத்தில் திறப்பார்கள், தேதியைத் தவறவிடாதீர்கள். அண்ணன் உதவியே ஆக வேண்டும் என்று நின்றால் மறுக்க வேண்டாம். தொலைநோக்கி இப்போது தேவையில்லை. பைத்தான் ஓடுகிற அளவுக்கு ஒரு நல்ல மடிக்கணினி வாங்கித் தரச் சொல்லுங்கள். கல்லூரி திறப்பதற்குள் வந்து சேர்ந்தால் போதும்.